ஞாயிறு மாலை ஏழு மணி யாருடையது?

எங்கள் தெருவில் முதலில் ரேடியோ வாங்கியவர்கள் ரைஸ் மில் வீட்டுக்காரர்கள். அந்தப் பெட்டிக்கு வருஷா வருஷம் தபாலாபீசில் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டும். வருஷத்துக்கு 15 ரூபாய். நம் வயதுக்காரர்களுக்கு அந்தச் சின்ன லைசென்ஸ் புத்தகம் நினைவிருக்கும். அதைப் புதுப்பித்துக்கொண்டு வரும் வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். கூலியாக மாலையில் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இலங்கை வானொலி கேட்கலாம்.

மயில்வாகனம் குரல் வந்தால் தெருவே காதைத் தீட்டிக்கொள்ளும். பின்னால் கே.எஸ். ராஜா வந்தார், அப்துல் ஹமீது வந்தார். பாட்டு எந்தப் பாட்டாக இருந்தாலும் சரி, அவர்கள் பேசுவதைக் கேட்கவே ஒரு கூட்டம் இருந்தது. ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன், “இவங்களுக்கெல்லாம் சம்பளம் நிறைய இருக்குமாப்பா?” என்று. அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார், “குரலுக்கு ஏதுடா சம்பளம்? உத்தியோகத்துக்குத்தான் சம்பளம். இவர் போனா அந்த நாற்காலியில இன்னொருத்தர்.”

அப்பா சொன்னது சரி என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். நானே 34 வருஷம் வருமான வரி அலுவலகத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவன்தானே. ஓய்வு பெற்றபின் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது, பொழுது போகாமல் அங்கிருந்த பொது நூலகத்தில் பழைய ரேடியோ சரித்திரங்களைப் படிக்க ஆரம்பித்தேன். அப்பாவின் கட்சிக்கு எதிர்க்கட்சியாக ஒரு வழக்கு கிடைத்தது. ரேடியோ கதைதான், ஆனால் உள்ளே போனால் வருமான வரிக் கதை. எனக்குக் கேட்கவா வேண்டும்?

முதலில் அங்கே ரேடியோ எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் லைசென்ஸ் கட்டணம் கிடையாது. கேட்பவர் காலணா தர வேண்டாம். செலவு முழுவதும் விளம்பரக் கம்பெனிகளுடையது. சோப்புக் கம்பெனியோ சிகரெட் கம்பெனியோ ஒரு நடிகரைப் பிடித்து, அவருக்குச் சம்பளம் பேசி, விளம்பர நிறுவனத்தின் மூலம் நிகழ்ச்சியைத் தயாரித்துக்கொண்டு வரும். ஒலிபரப்பு நிறுவனம் தன் நேரத்தை அரை மணி, ஒரு மணி என்று வாடகைக்கு விடும். கல்யாண மண்டபம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்டபம் ஒருவருடையது, கல்யாணம் இன்னொருவருடையது, நாதஸ்வரக்காரர் மூன்றாமவர்.

அப்படிப்பட்ட மண்டபங்களில் பெரியது என்.பி.சி. 1926-இல் தொடங்கியது. ரேடியோப் பெட்டிகள் செய்து விற்ற ஆர்.சி.ஏ.தான் அதன் தாய்க் கம்பெனி. அதன் தலைவர் டேவிட் சர்னாஃப். ரஷ்யப் பேரரசில் மின்ஸ்க் நகரத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்து, 1900-இல் சிறு பையனாக நியூயார்க் வந்தவர். தெருவில் பேப்பர் விற்று, மார்க்கோனி கம்பெனியில் தந்தி அடித்து, படிப்படியாக மேலே வந்த மனிதர். அவருக்கு ரேடியோ என்றால் விஞ்ஞானம், இயந்திரம், கோபுரம். பாட்டுக்காரரும் கோமாளியும் அந்தக் கோபுரத்தின் வழியாக வந்து போகிறவர்கள், அவ்வளவுதான்.

எதிர்த் தரப்பு சி.பி.எஸ். அதன் முதலாளி வில்லியம் பேலி. சுருட்டுக் கம்பெனிக் குடும்பத்துப் பிள்ளை. 1928-இல், 26 வயதில், தள்ளாடிக்கொண்டிருந்த அந்த நிறுவனத்தைக் கைப்பற்றினார். ரேடியோவில் விளம்பரம் செய்தால் சுருட்டு எப்படி விற்கிறது என்று கண்ணால் பார்த்தவர். இயந்திரம் அவருக்குத் தெரியாது. ஜனங்கள் எதற்காகப் பெட்டியைத் திருகுகிறார்கள் என்பது தெரியும். இருபது வருஷம் முட்டி மோதியும் என்.பி.சி.யை முந்த முடியவில்லை. காரணம், புகழ்பெற்ற நகைச்சுவைக்காரர்களில் பெரும்பாலோர் என்.பி.சி.யில் இருந்தார்கள்.

அவர்களில் முதல்வர் ஜாக் பென்னி. 1932-இல் ரேடியோவுக்கு வந்தவர். ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணி என்றால் ஜாக் பென்னி. நிகழ்ச்சியில் அவருக்கு ஒரு வேஷம்: எச்சில் கையால் காக்கா ஓட்டாத கருமி. வயது கேட்டால் எந்தக் காலத்திலும் 39. வயலின் வாசிக்கத் தெரியும் என்று நினைப்பு, வாசித்தால் கேட்பவர் ஓட வேண்டும். 1948 மார்ச்சில் வந்த ஒரு வேடிக்கையை இன்றும் சொல்கிறார்கள். வழிப்பறிக்காரன் துப்பாக்கியை நீட்டி, பணமா உயிரா என்று கேட்கிறான். பென்னி பதில் சொல்லவில்லை. மௌனம் நீள்கிறது. கூடத்தில் இருந்தவர்கள் சிரித்து ஓய்ந்தபின், யோசித்துக்கொண்டிருப்பதாகக் கோபமாகச் சொல்கிறார். ரேடியோவில் பேசாமலே இருந்து ஜனங்களைச் சிரிக்க வைத்தவர் அவர். நிஜ வாழ்க்கையில் தாராளமானவர், தன் எழுத்தாளர்களுக்கும் கூட நடித்தவர்களுக்கும் நல்ல சம்பளம் கொடுத்தவர் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

அவர் மதிப்பு என்.பி.சி.க்குத் தெரியாமல் இல்லை. 1941-இல் அவர் ரேடியோவுக்கு வந்து பத்தாம் வருஷம் கொண்டாடியபோது, ஞாயிறு ஏழு மணி நேரத்தை அவருக்கே விட்டுக்கொடுப்பதாக அறிவித்தார்கள். எந்தக் கம்பெனி விளம்பரம் கொடுத்தாலும் அந்த அரை மணி பென்னியுடையது. மண்டபக்காரர் ஒரு முகூர்த்தத்தையே நாதஸ்வரக்காரர் பெயருக்கு எழுதி வைத்த மாதிரி. அதற்கு முன் யாருக்கும் கிடைக்காத மரியாதை அது.

அப்படியானால் 1948-இல் தகராறு எங்கே வந்தது? வரியில் வந்தது.

யுத்தத்தை ஒட்டி அமெரிக்காவில் வருமான வரி எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மேல்தட்டு வருமானத்தில் நூற்றுக்கு 75-க்கும் மேல் அரசாங்கத்துக்குப் போய்விடும். நமக்கு இது புதிதல்ல. 1973-74-இல் நம் நாட்டில் உச்சத்தட்டு விகிதம், சர்சார்ஜும் சேர்த்து, நூற்றுக்கு 97.75 ஆக இருந்ததே! அந்த விகிதத்தில் கணக்குப் போட்ட கை இது. ஆனால் அங்கேயும் இங்கேயும் ஒரு வித்தியாசம் உண்டு. உழைத்து வாங்கிய சம்பளத்துக்கு ஒரு வரி, சொத்தை விற்ற லாபத்துக்கு வேறு வரி. இரண்டாவதைத்தான் கேப்பிடல் கெயின்ஸ் என்கிறோம். அன்றைய அமெரிக்காவில் அதற்கு அதிகபட்சம் 25 சதவீதம்தான்.

கணக்கைப் பாருங்கள். 10 லட்சம் டாலரைச் சம்பளமாக வாங்கி 75 சதவீதம் வரி கட்டினால் கையில் நிற்பது இரண்டரை லட்சம். அதே 10 லட்சத்தைச் சொத்து விற்ற பணமாக வாங்கினால் ஏழரை லட்சம். ஒரே தொகை, பெயர் மட்டும் வேறு, கையில் மூன்று மடங்கு.

ஆனால் நடிகனிடம் விற்க என்ன சொத்து இருக்கிறது? இங்கேதான் எம்.சி.ஏ. என்ற கலைஞர் ஏஜென்சியின் தலைவர் லூ வாஸர்மன் புத்தியைத் தீட்டினார். நடிகர் ஒரு கம்பெனி வைத்திருக்கட்டும். நிகழ்ச்சி அந்தக் கம்பெனியின் உடைமை. கம்பெனியின் பங்குகளை ஒலிபரப்பு நிறுவனம் மொத்தமாக விலைக்கு வாங்கட்டும். நடிகர் வழக்கம்போல விளம்பரதாரரிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு நடிக்கட்டும்.

முதலில் போனது ‘ஏமஸ் அண்ட் ஆண்டி’. கோஸ்டன், கொரெல் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் கறுப்பின மக்களைப் போலப் பேசி நடித்த நிகழ்ச்சி. கறுப்பின மக்கள் அந்தக் காலத்திலேயே அதை எதிர்த்தார்கள், இன்று கேட்டால் நமக்கே கூசும். ஆனால் அன்று நாடு முழுக்கப் பைத்தியமாகக் கேட்டது. 1948 செப்டம்பரில் சுமார் 20 லட்சம் டாலருக்கு அந்த நிகழ்ச்சியைப் பேலி வாங்கிவிட்டார்.

அடுத்த குறி பென்னி. அவரிடம் ‘அம்யூஸ்மெண்ட் என்டர்பிரைசஸ்’ என்ற கம்பெனி இருந்தது, பெரும்பங்கு அவருடையது. பேச்சு இரண்டு பக்கமும் நடந்தது. என்.பி.சி.யும் பணம் தரத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் சர்னாஃபுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. வரித்துறை இதை ஒப்புக்கொள்ளாது, பின்னால் வம்பு வரும் என்று அவருடைய வக்கீல்கள் தயங்கினார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்களே என்ற பயமும் இருந்தது. இதையெல்லாம் தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. நான் அந்த ஃபைலைப் பார்த்திருந்தால், முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டிருப்பேன்.

ஆனால் சர்னாஃப் கோட்டைவிட்டது வரியில் அல்ல என்பது என் அபிப்பிராயம். பென்னி அவர் நிறுவனத்துக்கு 16 வருஷம் ஞாயிறுதோறும் கூட்டம் சேர்த்துக் கொடுத்தவர். அத்தனை வருஷத்தில் சர்னாஃப் ஒருமுறைகூட அவரை நேரில் சந்தித்து நாலு வார்த்தை பேசியதில்லை என்றும், அது பென்னியின் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது என்றும் அந்தக் காலத்தைப் பற்றி எழுதியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இன்னொன்றும் சொல்கிறார்கள். 1939-இல் பென்னி ஒரு நகைக்கடத்தல் வழக்கில் மாட்டிக்கொண்டார். கடத்தி வந்த நகையை வாங்கிய குற்றம். ஒப்புக்கொண்டு 10,000 டாலர் அபராதம் கட்டினார். அப்போது அரசுத் தரப்பில் வழக்கை நடத்தியவர் ஜான் கேஹில். 1948-இல் என்.பி.சி. தன் வக்கீலாகப் பேச்சுவார்த்தைக்கு அனுப்பியது அதே கேஹிலை! சம்பந்தம் பேச, பழைய பகையாளியைத் தாம்பாளத்தோடு அனுப்பிய மாதிரி.

பேலி என்ன செய்தார்? தானே கிளம்பிக் கலிபோர்னியாவுக்குப் போய் பென்னியோடு உட்கார்ந்து பேசினார். அவருடைய நிகழ்ச்சியைத் தான் எப்படி ரசிக்கிறேன் என்று சொன்னார். பிறகுதான் பணம். 22 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு முடிந்தது. அன்றைய கணக்கில் டாலருக்கு மூன்றேகால் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. ஏறக்குறைய முக்கால் கோடி ரூபாய்.

அதோடு தீரவில்லை. பென்னிக்குச் சம்பளம் கொடுத்தது அமெரிக்கன் டொபாக்கோ, அதாவது லக்கி ஸ்ட்ரைக் சிகரெட் கம்பெனி. நிகழ்ச்சி எங்கே ஒலிபரப்பாக வேண்டும் என்பதில் அவர்களுக்கும் பேச்சு உண்டு. மண்டபம் மாறினால் கூட்டம் வருமோ வராதோ என்று அவர்கள் தயங்கினார்கள். பேலி அவர்களிடம் ஒரு வாக்குக் கொடுத்தார். என்.பி.சி.யில் இருந்ததைவிடக் கேட்போர் அளவு குறைந்தால், குறைகிற ஒவ்வொரு புள்ளிக்கும் வாரம் 3,000 டாலர் நஷ்ட ஈடு தருவதாக ஒப்புக்கொண்டார். இந்தப் பேரம் முழுவதிலும் எனக்கு முக்கியமாகப் பட்டது இந்த ஷரத்துதான். ஏனென்றால் என் அப்பாவின் கேள்வி அப்படியே இதற்குள் இருக்கிறது. ஜனங்கள் கேட்டது நாற்காலியையா, குரலையா? நாற்காலியைத்தான் என்றால் பேலி வாரா வாரம் தண்டம் கட்ட வேண்டும்.

1949 ஜனவரி 2, ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணி. பென்னி சி.பி.எஸ்.ஸில் பேசினார். பெட்டியின் முள்ளை ஜனங்கள் வேறு இடத்துக்குத் திருப்பினார்கள், அவ்வளவுதான். கேட்போர் குறையவில்லை. என்.பி.சி. அவருக்கென்று ஒதுக்கியிருந்த அந்தப் புகழ்பெற்ற நேரம் அங்கேயே கிடந்தது. உள்ளே இருந்த ஆளைக் காணோம்.

பிறகு அணை உடைந்தது. எட்கர் பெர்கன், பர்ன்ஸ் அண்ட் ஆலன் தம்பதி, ரெட் ஸ்கெல்டன் என்று ஒவ்வொருவராக சி.பி.எஸ்.ஸுக்குப் போனார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் சி.பி.எஸ். முதலிடத்தில் இருந்தது.

வரித்துறை சும்மா விடவில்லை. இது சொத்து விற்பனை அல்ல, மாறுவேஷம் போட்ட சம்பளம் என்று பென்னிமேல் வழக்கு வந்தது. 1955-இல் வரி நீதிமன்றம் பென்னி பக்கம் தீர்ப்புச் சொன்னது. பங்கு விற்பனை உண்மையான விற்பனைதான் என்று ஏற்றுக்கொண்டது. எங்கள் இலாகா தோற்றதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ரேடியோவில் கருமியாக நடித்தவர், கோர்ட்டில் வரிக்காரனிடமிருந்து பணத்தைக் காப்பாற்றிக்கொண்டார். அவருடைய எழுத்தாளர்கள்கூட இப்படி ஒரு காட்சி எழுதியிருக்க மாட்டார்கள்.

எல்லாப் பேரமும் பணத்துக்காக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பிங் கிராஸ்பி என்ற பாடகருக்கு என்.பி.சி.யோடு வந்த தகராறு நேரத்துக்காக. அக்காலத்தில் பெரிய நிறுவனங்கள் நேரடி ஒலிபரப்பைத்தான் ஏற்கும். முன்னாலேயே பதிவு செய்து வைத்தால் கேட்பவர்களை ஏமாற்றுவது என்ற எண்ணம். கிராஸ்பிக்கு வாராவாரம் அந்த மணி அடித்தவுடன் போய் நிற்பது அலுத்துவிட்டது. பிள்ளைகளோடு இருக்க வேண்டும், கோல்ஃப் ஆட வேண்டும். பதிவு செய்ய விடுங்கள் என்றார், மறுத்தார்கள். 1946-இல் ஏ.பி.சி.க்குப் போய்விட்டார். அந்த நிறுவனம் புதிது, நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டது. முதலில் இசைத்தட்டில் பதிந்தார்கள், ஒலி சுமாராக இருந்தது. அடுத்த வருஷம், ஜெர்மனியிலிருந்து யுத்தத்துக்குப்பின் வந்த காந்த நாடா முறை கையில் கிடைத்தது. ஆம்பெக்ஸ் என்ற சிறு கம்பெனிக்கு, நாடா இயந்திரம் செய்ய 50,000 டாலர் கொடுத்து உதவினார் கிராஸ்பி. பின்னாளில் நாம் எல்லோரும் கேட்ட டேப் ரெக்கார்டருக்கு வழி திறந்தவர்களில், ஞாயிறு காலை கோல்ஃப் ஆட ஆசைப்பட்ட ஒரு பாடகரும் இருக்கிறார்.

சர்னாஃப் பக்கமும் பாடம் கற்றுக்கொண்டது. ஆனால் கற்றுக்கொண்ட விதம் வேடிக்கை. டெலிவிஷனில் கொடி கட்டிப் பறந்த மில்டன் பெர்ல் என்பவரை விட்டுவிடக்கூடாது என்று 1951-இல் 30 வருஷ ஒப்பந்தம் போட்டார்கள். 1956-இல் அந்த நிகழ்ச்சியே நின்றுபோனது. ஆளைப் பிடித்துக் கட்டலாம். ஜனங்களின் காதைக் கட்ட முடியாது.

பென்னியின் கதையில் கடைசி அத்தியாயம் ஒன்று பாக்கி இருக்கிறது. அவர் 1950-இல் சி.பி.எஸ். டெலிவிஷனுக்குப் போனார், அங்கேயும் ஜெயித்தார். ரேடியோ நிகழ்ச்சி 1955-இல் முடிந்தது. 1964-இல் சி.பி.எஸ். அவரைக் கைவிட்டது. நிர்வாகத்துக்குப் புது ஆட்கள் வந்திருந்தார்கள், அவர்களுக்கு இளம் ரசிகர்கள் வேண்டும். பென்னிக்கு அப்போது நிஜ வயது எழுபது. எங்கே போவார்? விட்டுவந்த என்.பி.சி.க்கே போனார். சி.பி.எஸ். அவர் எதிரிலேயே ஒரு புது நகைச்சுவைத் தொடரைப் போட்டு அடித்தது. ஒரே வருஷத்தில் அவருடைய வாராந்திர நிகழ்ச்சி நின்றது. முக்கால் கோடி கொடுத்து ஊர்கோலமாக அழைத்துப்போன அதே வாசல்தான், 15 வருஷத்தில் தாழ் போட்டுக்கொண்டது. பென்னி அதன்பிறகும் அவ்வப்போது சிறப்பு நிகழ்ச்சிகள் செய்துகொண்டு, 1974 டிசம்பரில் காலமானார்.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்கு எங்கள் அலுவலகத்தில் இருந்த ஒரு நண்பர் ஞாபகம் வந்தார். பெயர் வேண்டாம். எந்தப் பழைய ஃபைலைக் கேட்டாலும், எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சட்டப்பிரிவுகள் அவர் நாக்கில் இருந்தன. இருபது வருஷம் கழித்து ஒரு ஆடிட்டர் ஆபீசுக்குப் போய்விட்டார். சம்பளம் அதிகம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். பிரிவு உபசாரத்தன்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: “சம்பளம் பெரிசா ஒண்ணும் வித்தியாசம் இல்ல சார். இத்தனை வருஷத்துல மேல இருந்தவங்க யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. ‘அந்த கிளார்க்கை வரச்சொல்லு’ன்னுதான் சொல்வாங்க. அந்த ஆடிட்டர் வீட்டுக்கே வந்து, உட்கார்ந்து காபி குடிச்சிட்டுப் பேசினார்.” அவர் போனபின் அந்த நாற்காலிக்கு அடுத்த வாரமே ஆள் வந்துவிட்டார். ஃபைல்கள்தான் ஆறு மாதம் அகப்படவில்லை.

அப்பா சொன்னது பாதி சரி. நாற்காலிக்கு எப்போதும் ஆள் கிடைப்பார்கள். நாற்காலியை விட்டவரையும் ஒருநாள் எல்லோரும் மறந்துதான் போவார்கள், பென்னியையே விட்டார்களே! ஆனால் நடுவில் இருக்கிற காலத்தில், ஜனங்கள் வருவது நாற்காலியைப் பார்க்க அல்ல. அதில் இருக்கிற ஆளுக்காக. 22 லட்சம் டாலருக்கு முன்னால் பேலி செய்த காரியம், பயணப்பட்டுப் போய் எதிரில் உட்கார்ந்ததுதான். அதற்கு வரியும் கிடையாது, ஷரத்தும் கிடையாது.

உங்கள் அலுவலகங்களிலும் இப்படி யாராவது இருந்திருப்பார்கள். இருந்தால் எழுதுங்கள். அவர் பெயரைச் சொல்லியே எழுதுங்கள், அவருக்குச் சங்கடம் இல்லையென்றால்.